நாகையிலிருந்து ஒரு வாரம், திருச்சியிலிருந்து நான்கு மணி

திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். பறக்க நான்கு மணி நேரம் சொச்சம். மன்னார்குடிப் பக்கம் வீட்டுக்கு வீடு இந்தக் கணக்கு மனப்பாடம். "மெட்ராஸ் போறதவிட சீக்கிரம்" என்பார்கள்.

என் அப்பாயிக்குத் தெரிந்தது கப்பல் கணக்கு. 1937இல் தாத்தாவும் அவர் தம்பியும் நாகப்பட்டினத்தில் ரஜுலா ஏறினார்கள். 1926இல் கட்டிய கப்பல் அது; டெக்கில் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம். தோட்டத்துக்குப் போகும் கூலிகளுக்கு அதோடு முடியாது. பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் காத்துக் கிடக்க வேண்டும்.

பெண்களும் போனார்கள், நம் 'மலாயா சபுராளி' கதைகளில்தான் அவர்கள் குறைவு. 1920களின் இறுதியில் ரப்பர் தோட்டத்தில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. அப்பாயி போகவில்லை. அப்பா வயிற்றில் இருந்தார். பிறகு போகலாம் என்றிருந்தபோது, 1938இல் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு ஓரகத்திகள், அப்பாயியும் சின்ன அப்பாயியும், பூ வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் நான்கு வருடம் இருந்தார்கள். நல்ல காரியங்களுக்கு அழைப்பவர்கள் வாசலிலேயே தயங்குவார்களாம். அந்த வருடங்களில் இருவரும் நடவுக்குப் போய்த்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். வரலாற்று நூல்களில் அது 'தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்ட காலம்' என்று ஒரு வரி.

1946இல் தாத்தாவின் கடிதம் வந்தது. தம்பியைச் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை என்று எழுதியிருந்தார். எந்த வருடம் என்று அவருக்கே தெரியவில்லை. சின்ன அப்பாயியின் தாலியை அன்று சாயங்காலமே கழற்றினார்கள். அதற்கு மட்டும் யாரும் காத்திருக்கவில்லை.

ரஜுலா 1973 வரை ஓடியது. அதன்பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு கடல்வழி நின்றது. இப்போது விமானம்தான்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி சிங்கப்பூரில் வீட்டுவேலை செய்கிறாள். அந்த வேலைக்கு 23 வயது ஆகியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பச் சோதனையும் உண்டு. மாதம் ஒரு நாளாவது கட்டாய ஓய்வு என்பதே 2023இல்தான் வந்தது. அவள் அம்மா இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டுக்காரர்கள் விடுப்புக் கொடுக்க யோசித்தார்கள், அடுத்த நாள் டிக்கெட் விலை ஏறிவிட்டது, பாஸ்போர்ட் அவர்கள் அலமாரியில் இருந்தது. பால் தெளித்து முடிந்த மறுநாள் வந்து இறங்கினாள். அழைத்துவர நான்தான் திருச்சிக்குப் போயிருந்தேன். காரில் ஏறியதும் அவள் முதலில் கேட்டது, அம்மாவுக்கு எந்தப் புடவை கட்டினீர்கள் என்று.