கண் முகாமிலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை: தென் தமிழகத்தில் தொலைக் கண் மருத்துவத்தின் வளர்ச்சி

தென் தமிழகத்தில் மின்னணுத் தொழில்நுட்பம் அன்றாடச் சிகிச்சையோடு நெருங்கிக் கலந்த துறைகளுள் கண் மருத்துவம் முக்கியமானது. அதன் வரலாற்றில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தனி இடம் உண்டு. நிறுவனர் கோ. வெங்கடசாமி (1918–2006) அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய மருத்துவமனை, 1988இல் திருநெல்வேலியிலும் கிளை கண்டது.

முகாமின் எல்லை

தொடக்கத்தில் கிராமத்தை எட்டும் வழியாக இருந்தது கண் முகாம். ஊரில் ஒரு நாள் பரிசோதனை நடக்கும். கண்புரை உள்ளோரை நகரத்துக்கு அழைத்துச் சென்று அறுவை செய்து திருப்பி அனுப்புவார்கள். ஒரே அறுவையில் தீரும் கண்புரைக்கு இது பொருந்தியது. கண் நீர் அழுத்த நோயும் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பும் அப்படியல்ல; அவற்றுக்குத் தொடர் கவனிப்பு வேண்டும். மேலும், கண் குறை உள்ளவர்களில் 100க்கு 7 பேர் அளவே முகாமுக்கு வருகிறார்கள் என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பார்வை மையங்கள்

இந்த இடைவெளியை நிரப்ப 2004 முதல் சிற்றூர்களில் அரவிந்தின் நிரந்தரப் பார்வை மையங்கள் உருவாயின. தேனிப் பகுதியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகமும் இன்டெல் நிறுவனமும் கைகொடுத்தன. மையங்களை நகரத்து மருத்துவமனையோடு இணைக்க, கோபுரங்களில் திசை நோக்கிய ஆன்டெனாக்களைப் பொருத்தி, வைஃபை அலையைப் பல கிலோமீட்டர் தூரம் செலுத்தினார்கள். மையத்தில் மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர் பார்வையை அளந்து, ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணைச் சோதித்து, விவரங்களைக் கணினியில் பதிகிறார். நகரத்து மருத்துவர் அவற்றைப் பார்த்து, காணொளி வழியே நோயாளியோடு பேசுகிறார். கண்ணாடியோ மருந்தோ போதுமா, நேரில் வரவேண்டுமா என்பது அங்கேயே முடிவாகிறது.

படத்தை வாசிக்கும் கணினி

சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய இரத்த நாளங்களைச் சிதைக்கிறது. முதலில் சிறு வீக்கங்களும் கசிவுகளும் தோன்றும். பார்வை மங்கும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே அறிகுறி இல்லாதபோதே படமெடுத்துப் பார்ப்பது அவசியம். படங்கள் பெருகின, அவற்றை வாசிக்கும் வல்லுநர்கள் போதவில்லை. இந்நிலையில் அரவிந்த், சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் படங்களும் சேர்ந்த 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கூகுள் ஆய்வாளர்கள் இந்நோயைக் கண்டறியும் ஒரு நிரலைப் பயிற்றுவித்தனர். அதன் முடிவுகள் 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயின. அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 சர்க்கரை நோயாளிகளிடம் அதைச் சோதித்த ஆய்வு 2019இல் வந்தது. நிரலின் திறன் மனித வாசிப்பாளர்களுக்கு ஈடாகவோ மேலாகவோ இருந்தது.

அரசுத் துறையில்

கண் மருத்துவத்துக்கு வெளியே, பொது மருத்துவத்தில் அரசும் இணையாக நடைபோட்டது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவுசெய்து பின்தொடரும் பிக்மி இணையத்தளம் 2008இல் தொடங்கியது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், இ-சஞ்சீவனி என்ற தொலைமருத்துவச் சேவை வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண வழி செய்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள்.

மதிப்பீடு

இந்த வரலாற்றில் கருவி தனியாக வெற்றி பெற்றதில்லை. கிராமத்தில் பயிற்சி பெற்ற பணியாளர், நகரத்தில் அறுவைக்கும் லேசருக்கும் ஆயத்தமான மருத்துவமனை, இரண்டையும் இணைக்கும் தடையற்ற தொடர்பு ஆகிய மூன்றும் இருந்த இடத்தில்தான் அது பலன் தந்தது. நிரல் நோயைக் கண்டுபிடிக்கும். ஆனால் சிகிச்சைக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலி இழப்பும் இன்னும் குறுக்கே நிற்கின்றன. எனவே எத்தனை கண்கள் படம் பிடிக்கப்பட்டன என்பதைவிட, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் அதை உரிய காலத்தில் பெற்றார்கள் என்பதே இத்தொழில்நுட்பத்தின் வெற்றியை அளக்கும் சரியான அளவுகோல்.