தைத்த படகுகள்

மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி எழுதுகிறாரே என்று கள்ளக்குறிச்சி நண்பர்கள் சிரிக்கலாம். 1993 வரை நாம் தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர்கள். கடலூர்தான் நமக்குத் தலைநகர். ஆகவே சோழமண்டலக் கரையின் கதை நமக்கும் உரியதுதான்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு 'ஷெலேங்க்' என்ற சொல் தெரிந்திருக்கும். அது நம் 'சலங்கு'தான். சென்னையில் மசூலா படகு என்றார்கள். இந்தக் கரையில் அலை அதிகம், அன்று துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கவர்னர் துரையானாலும் சலங்கில் ஏறித்தான் கரை சேரவேண்டும்.

சலங்கில் ஓர் இரும்பு ஆணிகூட இராது. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, இடுக்கில் நார் வைத்து, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைப்பார்கள். உள்ளே குறுக்குச் சட்டங்களும் இல்லை. அலை தூக்கி மணலில் போட்டால் ஆணியடித்த ஐரோப்பியப் படகு பிளந்துவிடும். சலங்கு வளைந்து கொடுக்கும்.

1963-இல் இங்கிலாந்தில் 'மிரர்' என்ற சிறு பாய்மரப் படகு வந்தது. டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்தது. நீளம் சுமார் 11 அடி, பாய் சிவப்பு நிறம். ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளின்மேல் கண்ணாடி இழை நாடாவைப் பிசினால் ஒட்டவேண்டும். தச்சு வேலை அறியாத குடும்பத்தார்கூடத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டினார்கள். இதுவரை 70,000-க்கும் மேல் கட்டப்பட்டுள்ளன.

நம்மைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று மார்தட்ட வேண்டியதில்லை. தைத்த படகு அரபுக் கரையிலும் உண்டு. இங்கிலாந்திலேயே ஹம்பர் ஆற்றங்கரையில் 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட தைத்த படகுகள் கிடைத்திருக்கின்றன. அங்கே அந்த வித்தை மறைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இங்கே அது போன நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது.

மிரர் பரவியதற்குக் காரணம், எப்படிக் கட்டுவது என்று படிப்படியாக எழுதி, படம் போட்டு, பலகைகளோடு சேர்த்துக் கொடுத்ததுதான். நம் தச்சர்களின் அறிவு கைப்பழக்கமாகவே இருந்தது. தகப்பனிடம் மகன் கற்றான். கண்ணாடி இழைப் படகு வந்ததும் மகன் கற்கவேண்டிய தேவை போயிற்று.

குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவனுக்கு இது நன்றாகவே விளங்கும். கோப்பில் ஏறாத சங்கதி, ஆள் மாறினால் காணாமல் போகும். கல்வராயன் மலையில் ஏர், உரல், மரச்செக்கு செய்யத் தெரிந்த முதியவர்கள் உங்களுக்குத் தெரிந்து யாரேனும் இருந்தால், பேரப்பிள்ளையை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் அனுப்புங்கள்.