ஒரு தீவு, ஒரே ஒரு கிழங்கு

சேப்பங்கிழங்குக்கு நம்ம ஊர்ல பெரிய மரியாதை ஒண்ணும் கிடையாது. மொறுமொறுன்னு ரோஸ்ட் பண்ணா சாப்பிடுவோம், கொழகொழன்னு இருந்தா முகம் சுளிப்போம், அவ்ளோதான். ஆனா பசிபிக் கடல்ல இருக்கிற சமோவா தீவுகள்ல அதுதாங்க சோறு. அவங்க அதை 'டாலோ'ன்னு சொல்றாங்க. காய்ச்சின கல்லு மேல அடுக்கி, இலையால மூடி 'உமு' அடுப்புல வேகவைப்பாங்க. கல்யாணம், சாவுன்னு எந்தக் காரியத்துக்கும் டாலோ போயாகணும். இலையையும் விடறதில்லை. தேங்காய்ப்பால் ஊத்தி மடிச்சு வேகவெச்சா அதுக்குப் பேரு பலுசாமி. (பேரைப் பார்த்துட்டு பழனிப் பக்கத்து ஆளுன்னு நினைச்சுடாதீங்க!)

1993-ல இந்த டாலோ கிட்டத்தட்ட காணாமப் போச்சு. அந்தக் கதைதான் இது.

அதுக்கு முன்னாடியே தீவு நொந்துதான் கிடந்தது. 1990 பிப்ரவரியில ஓஃபா, 1991 டிசம்பர்ல வால்னு ரெண்டு புயல். தென்னை, கோகோ எல்லாம் சாஞ்சு போச்சு. மரம் திரும்ப வளர்ந்து காய்க்க வருஷக்கணக்கா ஆகும். டாலோ அப்படியில்லை, நட்டா ஒரு வருஷத்துக்குள்ள கிழங்கு. அதனால எல்லாரும் டாலோ பக்கம் திரும்பினாங்க. நியூசிலாந்துல குடியேறின சமோவாக்காரங்க காசு கொடுத்து வாங்கத் தயாரா இருந்தாங்க. அவங்களுக்குப் பிடிச்சது 'நியூவே'ங்கிற ஒரே ரகம். அதனால எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நியூவேதான். வருஷத்துக்கு சுமார் 35 லட்சம் அமெரிக்க டாலர் ஏற்றுமதி. நாட்டோட ஏற்றுமதி வருமானத்துல பாதிக்கு மேல இதுதான்.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். டாலோவை யாரும் விதை போட்டு வளர்க்கறதில்லை. கிழங்கை வெட்டி எடுத்துக்கிட்டு, தண்டோட இருக்கிற தலைப்பகுதியை மறுபடி நட்டுடுவாங்க. அதாவது காப்பி பேஸ்ட். தீவு முழுக்க ஒரே செடியோட லட்சக்கணக்கான நகல். சர்வர் ரூம்ல வேலை பாக்கற யாருக்கும் இதைக் கேட்டா வயித்தைக் கலக்கும்.

1993 ஜூலையில உபோலு தீவோட கிழக்குப் பக்கம் அலெய்பாட்டாவுல இலைகள்ல பழுப்பா வட்டப் புள்ளிகள் தெரிஞ்சுது. இலைக்கருகல் நோய். காரணம் ஃபைட்டாஃப்தோரா கொலகேசியே. பாக்கறதுக்குப் பூஞ்சை மாதிரி இருக்கும், ஆனா பூஞ்சை இல்லை. 1845-ல அயர்லாந்தோட உருளைக்கிழங்கை அழிச்சதே, அதோட நெருங்கின சொந்தம். மழைத்துளி தெறிச்சு இலைக்கு இலை தாவும், நடற தண்டோட சேர்ந்து ஊருக்கு ஊர் போகும். சூடும் ஈரமுமான சமோவா அதுக்கு மாமியார் வீடு மாதிரி. சீக்கிரமே சவாயி தீவுக்கும் போயிடுச்சு.

அரசாங்கம் மருந்து அடிச்சுது, கருகின இலையைக் கிள்ளச் சொல்லுச்சு. ஒரு தோட்டத்துக்காரர் ஒழுங்கா பண்ணாலும் பக்கத்துத் தோட்டத்துல இருந்து திரும்ப வரும். அடுத்த மழையில மருந்தும் கழுவிட்டுப் போயிடும். 1994-ல உள்ளூர் சந்தைக்கு வந்த டாலோ, முந்தின வருஷத்துல நூத்துல ஒரு பங்கு. ஏற்றுமதி சுமார் 60 ஆயிரம் டாலருக்கு விழுந்துடுச்சு.

ஆனா அயர்லாந்து மாதிரி பட்டினிச் சாவு இங்க நடக்கலை. எனக்கு முக்கியமாப் படறது இதுதான். பச்சை வாழைக்காய், சீமைப்பலா, பெருஞ்சேம்பு வகையான 'டாமு' எல்லாம் கொல்லையிலேயே இருந்துச்சு. டாமுவுக்கு இந்த நோய் பெருசா ஒட்டலை. பத்தாததுக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரங்க அனுப்பின காசுல அரிசி, மாவு. வித்த பயிர்தான் ஒத்தை ரகம், வீட்டைச் சுத்தி இருந்தது கலவை.

சரி, டாலோவை எப்படி மீட்டாங்க? ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி தோணியில கிழக்கே போனவங்க, தீவு தீவா ஒரு சில செடிகளைத்தான் எடுத்துட்டுப் போயிருக்காங்க. அதனால பாலினேசியாவுல டாலோவோட மரபு வகை ரொம்பக் குறைவு. எதிர்ப்புச் சக்தி உள்ளூர்ல தேடினா கிடைக்காது. பலாவு, மைக்ரோனேசியா, பிலிப்பைன்ஸ்ல இருந்து தாங்குற ரகங்களை வரவழைச்சாங்க. பிலிப்பைன்ஸ் ரகத்துக்கு ஊர்ல 'ஃபிலி'ன்னு செல்லப் பேரே வந்துடுச்சு.

1996-ல தென் பசிபிக் பல்கலைக்கழகத்தோட அலாஃபுவா வளாகத்துல ஒட்டுக்கட்டற வேலை ஆரம்பிச்சுது. டாலோ லேசுல பூக்காது. ஜிப்பரெல்லிக் அமிலம் தெளிச்சுப் பூக்க வெச்சு, கையால மகரந்தம் தடவி, பொடிப்பொடி விதையை முளைக்க வைக்கணும். டோலோ இயோசெஃபா என்கிற ஆராய்ச்சியாளர் பல வருஷம் இதே வேலையா இருந்தார். 1999-ல விவசாயிகளையே கூட்டா சேர்த்துக்கிட்டாங்க. கன்னுகளை அவங்க தோட்டத்துக்கே எடுத்துட்டுப் போய் நட்டு, எது கருகலைத் தாங்குது, எது உமுவுல வெந்ததும் கெட்டியா நிக்குதுன்னு அவங்களே வடிகட்டுவாங்க. இது இல்லாம ஆய்வகம் மட்டும் தேர்ந்தெடுத்திருந்தா, நோய் தாங்குற, ஆனா யாரும் சாப்பிடாத கிழங்குதான் மிஞ்சியிருக்கும்னு எனக்குத் தோணுது. அடுத்தடுத்த சுற்றுகள்ல ஆசிய ரகங்களோட ரத்தமும் கலந்தாங்க.

தட்டுக்கு டாலோ திரும்பிடுச்சு. சந்தை அவ்வளவு சுலபமா திரும்பலை. சமோவா தடுமாறின நேரத்துல ஃபிஜியோட டவேயுனி தீவு விவசாயிகள் நியூசிலாந்துக்கு அனுப்ப ஆரம்பிச்சு அந்த இடத்தைப் பிடிச்சுட்டாங்க. அவங்க அனுப்பற ரகத்தோட பேரு 'டவுசாலா நி சமோவா'. பேர்ல மட்டும் சமோவா! புது ரகங்களை 2010-களில் சமோவா மறுபடி கப்பலேத்தினப்போ, பழைய இளஞ்சிவப்பு நியூவேக்குப் பழகின வாடிக்கையாளர்கிட்ட முதல்ல இருந்து விக்க வேண்டியிருந்தது.

இன்னொரு கொசுறு. 2009, 2010 வாக்கில் இதே நோய் மேற்கு ஆப்பிரிக்காவுல கேமரூன், நைஜீரியா, கானான்னு பரவினப்போ, ஃபிஜியோட சுவாவுல இருக்கிற பசிபிக் பயிர் சேமிப்பு மையத்துல இருந்து தாங்குற ரகங்கள் சோதனைக்குழாய்ல அங்க போச்சு. அதுல சமோவா விவசாயிகள் தோட்டத்துல தேறினதும் இருந்தது.