ஜப்பானியப் பேச்சு வழக்கில் நிகழ்வெண் வினையடைகள்: சில சொற்களின் வரலாறு

ஒரு செயல் எத்துணை முறை நிகழ்கிறது என்பதைச் சுட்டும் வினையடைகளை, ‘எப்போதும்’ முதல் ‘ஒருபோதும்’ வரை ஏணிப்படிகள்போல் அடுக்கிக் காட்டுவது மொழிப் பாடநூல்களின் வழக்கம். ஜப்பானியப் பேச்சு வழக்கில் பயிலும் சொற்கள் சில இவ்வேணியில் அடங்குவதில்லை. காரணம் அவற்றின் வரலாற்றில் உள்ளது.

‘மெத்தனி’ என்னும் சொல்லுக்கு ‘அரிதாக’ என்றே பொருள் எழுதப்படுகிறது. இதனை நம்பும் தமிழ் மாணவர் ‘அரிதாக வருகிறார்’ என்பதுபோல உடன்பாட்டு வினையுடன் சேர்த்துவிடுகிறார். ஜப்பானியர் ‘மெத்தனி கொனாய்’, அதாவது ‘வருவதில்லை’ என எதிர்மறையுடனேயே கூறுவர். ‘மெத்த’ என்பதன் பழம்பொருள் அருமை அன்று. ‘முன்பின் எண்ணாமல், வரைமுறையின்றி’ என்பதே. கண்மண் தெரியாமல் அடிப்பதைக் குறிக்கும் ‘மெத்தவுச்சி’ என்னும் தொகையில் அப்பொருள் இன்றும் நிலைத்துள்ளது. (இதனை எழுதப் பயன்படும் சீன எழுத்துகள் ஒலிக்காகக் கொள்ளப்பட்டவை, அவற்றின் பொருளைத் துருவுவதால் பயனில்லை.) வரைமுறையின்றி நிகழ்வதில்லை எனில் அரிதாகவே நிகழ்கிறது என்பது பெறப்படும். ஆகவே அருமைப் பொருள் வினையடைக்கு மட்டும் உரியதன்று. எதிர்மறையோடு கூடிய தொடர் முழுமைக்கும் உரியது. தமிழிலும் ‘அவர் இலேசில் கோபப்படமாட்டார்’ என்கிறோம். ‘இலேசில்’ என்பதற்கு ‘அரிதாக’ என எவரும் பொருள் எழுதுவதில்லை.

‘ஷொச்சூ’ என்பது ‘தொடக்கம், நடு, இறுதி’ எனப் பொருள்படும் சீனவழித் தொடரொன்றின் சுருக்கம் என்பது அகராதிகள் தரும் விளக்கம். இறுதியைக் குறித்த உறுப்பு மறைந்து, இடைமெய் இரட்டித்தது. இன்று இச்சொல்லில் பெரும்பாலும் குறைகூறும் தொனி கலந்திருக்கும். நம் ‘எப்போது பார்த்தாலும்’ இதற்கு நெருக்கமானது. ‘அடிக்கடி’ என்பதில் அத்தொனி இல்லை.

‘இட்சுமோ’ தமிழருக்கு வியப்பளிக்கும். ‘இட்சு’ என்பது ‘எப்போது’; ‘மோ’ என்பது உம்மை. இரண்டும் சேர்ந்து ‘எப்போதும்’ ஆகிறது. தமிழ்–ஜப்பானிய உறவை வலியுறுத்திய சுசுமு ஓனோவின் (1919–2008) கருத்துக்கு இதனைச் சான்றாகக் காட்டத் தோன்றலாம். ஆயின் வினாச்சொல்லுடன் உம்மைப்பொருள் இடைச்சொல் சேர்ந்து முழுமை உணர்த்துவது, ஒன்றோடொன்று உறவற்ற பல மொழிகளிலும் காணப்படும் அமைப்பாகும். இது தனித்து நின்று இனவுறவை நிறுவாது.

தமிழ்வழி ஜப்பானியச் சொற்பட்டியலில் ‘இட்சுமோ’வுக்கு ‘எப்போதும்’ என்ற ஒரு சொல் போதும். ‘மெத்தனி’யையோ அதன் எதிர்மறை வினையுடன் சேர்த்து, ‘இலேசில் ... இல்லை’ என்றே பதிவு செய்தல் வேண்டும்.