குகையாய்வுக் கயிறு
குகையாய்வுக் கயிறு என்பது நிலத்தடிக் குகைகளிலுள்ள செங்குத்தான குழிகளில் இறங்கவும் ஏறவும் பயன்படும், குறைந்த நீட்சியுடைய கயிறு ஆகும். ஒற்றைக் கயிற்று நுட்பத்தில் ஒருவரின் முழு எடையையும் ஒரே கயிறு தாங்குவதால், அதன் பழுதைக் காலத்தே கண்டறிவது இன்றியமையாதது.

வரலாறு
தொடக்கத்தில் சணற்கயிறுகளும் கயிற்றேணிகளும் பயன்பட்டன. சணல் ஈரத்தில் உளுத்துப்போகும். 1940களில் பிரான்சின் தான் தெ குரோல் மலைக் குகைகளை ஆராய்ந்த பியேர் செவாலியே குழுவினர் நைலான் கயிற்றைப் பயன்படுத்தினர். 1952 ஆகஸ்டில், பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையிலுள்ள பியேர் சென் மார்த்தன் குகையின் 300 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய குழியிலிருந்து மார்செல் லூபென் எஃகு வடத்தால் மேலே இழுக்கப்பட்டார். அப்போது வடத்தை அவரது உடற்பட்டையுடன் இணைத்த கவ்வி பழுதுற்றதால் வீழ்ந்து உயிரிழந்தார். வடம் அறவில்லை, இணைப்பே தவறியது. எனவே கயிற்றுடன் அதன் இணைப்புக் கருவிகளையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

அமைப்பு
இக்கயிறு இரு பகுதிகளைக் கொண்டது. நீளம் முழுதும் அறுபடாது செல்லும் நைலான் இழைகளாலான உள்ளகம் எடையின் பெரும்பங்கைத் தாங்குகிறது. பின்னப்பட்ட வெளியுறை அதனை உராய்விலிருந்து காக்கிறது.

சோதனை
ஐரோப்பியத் தரம் ஈ.என். 1891 இன்படி, 'ஏ' வகைக் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன் விசையையும் 'பி' வகைக் கயிறு 18 கிலோநியூட்டன் விசையையும் தாங்க வேண்டும். இச்சோதனைக்கு உட்பட்ட துண்டு மீண்டும் பயன்படாது. ஆகவே பயன்பாட்டிலுள்ள கயிறு கண்ணாலும் கையாலும் சோதிக்கப்படுகிறது. கயிற்றை விரல்களிடையே சிறிது சிறிதாக இழுத்து, பின்வருவன தேடப்படுகின்றன:
* உறை கிழிந்து உள்ளகம் தெரியும் இடங்கள்
* புடைப்பு, தட்டையான அல்லது மிக மென்மையான பகுதிகள்
* வெப்பத்தால் உருகி இறுகிய பளபளப்பான பகுதிகள்

பழுது ஓரிடத்தில் மட்டும் இருப்பின் அங்கு வெட்டி, எஞ்சிய துண்டுகளில் புதிய நீளம் குறிக்கப்படும். கடும் வீழ்ச்சியைத் தாங்கிய கயிறு வெளியே பழுது தெரியாவிடினும் விலக்கப்பட வேண்டும்.

பயன்பாடு
எடை தாங்கும் கயிறு பாறையில் உரசலாகாது. இதற்காகக் குழியின் இடையிடையே கயிறு பாறையில் மீண்டும் பிணைக்கப்படுகிறது. இயலாத இடங்களில் பாதுகாப்புறை இடப்படுகிறது. இறங்குபவர் கயிற்றின் முடிவைத் தாண்டி வீழாதிருக்க, கீழ்நுனியில் முடிச்சிடுவது கட்டாயம். விரைந்து இறங்கினால் இறங்கு கருவி சூடேறி உறையைச் சேதப்படுத்தும். முடிச்சும் ஈரமும் நைலானின் வலிமையைக் குறைக்கின்றன.

பராமரிப்பு
புதிய கயிறு நனைந்தால் சுருங்கும். எனவே முதலில் ஊறவைத்து உலர்த்திய பின்னரே அதன் நீளம் அளக்கப்படுகிறது. சேற்றிலுள்ள மணற்றுகள்கள் உட்புகுந்து இழைகளை அறுப்பதால், ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் கயிற்றைத் தூய நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். சூரிய ஒளியும் அமிலமும் நைலானைச் சிதைக்கும். மின்கல அமிலத்தால் நேரும் சேதம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்பதால், கயிற்றை மின்கலங்களுக்கு அருகில் வைத்தலாகாது. வாங்கிய நாள், பயன்படுத்திய பயணங்கள், நேர்ந்த வீழ்ச்சிகள் ஆகியவை கயிற்றுக்குரிய ஏட்டில் பதியப்படுகின்றன. கண்ணால் காண இயலாத பழுதை மதிப்பிட இப்பதிவே துணைபுரிகிறது.