வேலிக்கு அப்பாலும் பொறுப்பு உண்டு

பக்கத்து நிலத்தில் அனுமதிக்கு மாறாக வேலை நடந்தால் நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? கூடாது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சாட்சி.

1993 டிசம்பர் 11. உலு கிள்ளான், ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டனர். எஞ்சிய இரண்டு கட்டடங்களில் வாழ்ந்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். பின்புற மலைச்சரிவில் அங்கீகரிக்கப்பட்ட வடிகால் திட்டம் முழுமையாக நிறைவேற்றப்படவே இல்லை என்பது நீதிமன்றத்தில் அம்பலமானது.

2000-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் மேம்பாட்டாளருக்கு 15 விழுக்காடு பொறுப்பைச் சுமத்தியது. மலைச்சரிவு நிலத்தைக் கைவசம் வைத்திருந்த அண்டை உரிமையாளருக்கோ 30 விழுக்காடு! கால்வாய்களைப் பராமரிக்காமல் விட்டதும் குற்றமே என்றது தீர்ப்பு.

அனுமதி தந்த நகராண்மைக் கழகம்? கட்டடம் விழுமுன் நேர்ந்த தவறுகளுக்கு அதனிடம் இழப்பீடு கேட்க முடியாது. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு அதைக் காக்கிறது என்று 2006-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, பக்கத்தில் மண் வெட்டும்போதே, கால்வாய் அடைபடும்போதே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அந்த மக்கள் முதல் தீர்ப்புக்கே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.