நாவலர் பெருமானின் தளராத் திருத்தொண்டு

திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் வரலாற்றைச் சைவப் பெருமக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மனத்தகத்தே கோயில் எடுத்த மாண்பினர் அவர். காஞ்சியில் கற்றளி அமைத்த பல்லவ வேந்தன் குடமுழுக்கிற்கு நாள் குறித்தபோது, இறைவன் அவன் கனவில் தோன்றி, பூசலன் எடுத்த ஆலயத்தில் தான் புகவிருக்கும் நாள் அதுவாகலின் வேறொரு நாள் கொள்ளுமாறு பணித்தருளினான். அவ்வேந்தனை இராசசிம்மன் என்றும், அக்கற்றளியைக் கச்சிக் கயிலாயநாதர் கோயில் என்றும் வரலாற்றறிஞர் கொள்வர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்கோயில் இன்றும் நின்று நிலவுகின்றது.

இச்சரிதத்தைச் சொல்லுவோர் பெரும்பாலும் மனக்கோயிலின் சிறப்பையே விரித்துரைப்பர். அதற்கு முன் நிகழ்ந்த ஒன்றை விரைந்து கடந்துவிடுவர். நாயனார் முதற்கண் எடுக்க விழைந்தது புறக்கோயிலே. அதன்பொருட்டுப் பல இடங்களிலும் பொருள் தேடி வருந்தினார். சிறு பொருளும் கிடைத்திலது. அவர் மனம் நைந்ததைச் சேக்கிழார் பெருமான் மறைத்தாரல்லர்.

இவ்விடத்தில் அடியேனது அனுபவம் ஒன்றைச் சொல்லப் பொறுத்தருள வேண்டும். அடியேன் ஒரு திருமடத்தின் நிழலிற் கல்வி பயின்றவன். ஆசிரியத் தொழிலினின்று ஓய்வு பெற்றபின், ஒரு சிற்றூர்த் திருக்கோயிலின் திருப்பணிக் குழுவிற் சேர்ந்து, ரசீதுப் புத்தகமும் கையுமாக வீடுதோறும் ஏறி இறங்கினேன். பாலாலயம் செய்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. விமானத்தைச் சுற்றிக் கட்டிய சாரம் மழையிலும் வெயிலிலும் இற்றுப்போயிருந்தது. ஒருநாள் மாலை பதினொரு வீடுகள் ஏறியும் ரசீதுப் புத்தகத்தில் ஓர் இதழ்கூடக் கிழிபடவில்லை. பன்னிரண்டாம் வீட்டார் திண்ணையில் அமர்ந்தபடியே, “இந்த வயதில் உமக்கு ஏன் ஐயா இந்த வேலை?” என்று கேட்டார். இகழ்ச்சியாகக் கேட்டிருந்தால் பொறுத்திருப்பேன், இரக்கத்தோடு கேட்டார். அதுதான் தைத்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மாணவப் பருவம் முதல் என்னிடம் உள்ள பெரியபுராண வசனத்தை எடுத்துப் பூசலார் சரிதத்தைப் படித்தேன். படித்து முடித்ததும், அதனை உரைநடையில் எழுதியவரது பெயர் கண்ணிற் பட்டது. அப்பெயரைப் பலநூறு முறை கண்டிருக்கிறேன். ஆயினும், வீடு வீடாக இரந்து வெறுங்கையோடு மீண்ட அடியவரது சரிதத்தை எழுதியவர் தாமும் அவ்வாறே சைவத்தின்பொருட்டுப் பிறரிடம் பொருள் வேண்டி நின்றவர் என்பது அன்றுதான் நெஞ்சில் உறைத்தது. அவர் ஆறுமுக நாவலர் பெருமான். அந்நூல் வெளிவந்தது 1852 ஆம் ஆண்டில்.

நாவலர் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822 டிசம்பர் 18 ஆம் நாள் தோன்றியவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் பயின்றார். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். அதன் தலைவர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கிய காலத்தில் அவருக்குத் துணை நின்றவரும் இவரே. பாதிரியார் இவர்பால் மிக்க மதிப்பு வைத்திருந்தார் என்பதில் ஐயமில்லை. அந்நாளில் ஒரு தமிழிளைஞன் பெறத்தக்க நல்ல பதவி, ஊதியம், மதிப்பு அனைத்தும் இருபத்தைந்து வயதிற்குள் இவரை வந்தடைந்திருந்தன. 1848 இல் இவர் அவற்றைத் துறந்து வெளியேறினார். திருமணமும் செய்துகொண்டாரல்லர்.

அதற்குச் சில திங்கள் முன்னரே, 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் இவரது முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. கோயிலிற் புராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் நம்மவர்க்குப் பழையது. ஆனால் வாரந்தோறும் குறித்த நாளில், எல்லார்க்கும் விளங்கும் உரைநடையில், சமய ஒழுக்கத்தைப் பொருளாகக் கொண்டு பேசுதல் புதியது. பாதிரிமாரிடம் கண்ட முறையையே சைவத்திற்குப் பயன்படுத்தினார். நல்லது எங்கிருந்து வந்தாலென்ன என்று கருதும் துணிவு அவரிடம் இருந்தது. அவ்வாண்டே, 1848 இல், சைவப்பிரகாச வித்தியாசாலையை வண்ணார்பண்ணையில் தொடங்கினார். சைவப்பிள்ளைகள் தம் சமயத்தைத் தம் மொழியிற் கற்பதற்கென அமைந்தது அது.

இனி வருவதே நாம் ஊன்றிக் காணவேண்டிய பகுதி. பாடசாலை என்றால் ஆசிரியர் வேண்டும், ஊதியம் வேண்டும், பாடநூல் வேண்டும். மிஷன் பாடசாலைகளுக்குக் கடல் கடந்து பொருள் வந்தது. அரசாங்கத்தின் ஆதரவும் இருந்தது. நாவலரது பாடசாலைக்கோ தொடக்கத்திற் பல ஆண்டுகள் அரசாங்க உதவி கிட்டவில்லை. ஊராரிற் சிலர் கொடுத்தனர், பலர் கொடுத்திலர். பாடநூல் இல்லாக் குறையைத் தீர்க்க அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு 1849 இல் சென்னைக்குப் புறப்பட்டார். அப்பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனத்தில் இவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்து ‘நாவலர்’ என்னும் பட்டத்தை ஆதீனத்தார் வழங்கினர். மடங்களிற் படித்த எங்கள் போன்றோர் இப்பட்டத்தைப் பெருமையோடு எடுத்துச் சொல்வது வழக்கம். ஆனால் அவர் அங்கிருந்து ஊர் மீண்டது ஓர் அச்சியந்திரத்தோடு என்பதை நாங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. பட்டத்தைக் காட்டிலும் அந்த இயந்திரமே சைவத்திற்கு மிகுதியாக உழைத்தது என்பது என் கருத்து.

பாலபாடங்கள், சைவ வினாவிடை, நன்னூல் விருத்தியுரை, பரிமேலழகர் உரையோடு திருக்குறள் என ஒன்றன்பின் ஒன்றாக நூல்கள் வெளிவந்தன. ஏட்டிலிருந்து எழுதுவதும், பிழை நோக்குவதும், அச்சிற் கோப்பதை மேற்பார்ப்பதும், விற்ற பணத்தைப் பாடசாலைக்கு அனுப்புவதும் அவர் வாழ்வாயின. பாடசாலையின் தலைவர் அதன் எழுத்தராகவும் கணக்கராகவும் இருந்தார் என்று சொன்னால் பொருந்தும். சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை வேண்டுமென விரும்பிப் பொருள் வேண்டி விக்கியாபனம் வெளியிட்டார். 1864 இல் அது நிறைவேறியது.

நிறைவேறாதனவும் பல. ஆங்கிலக் கல்வி வேண்டிய பிள்ளைகள் அதன்பொருட்டுப் பிற சமயப் பாடசாலைகளையே நாடுவது கண்டு, 1872 இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தோற்றுவித்தார். போதிய பொருளின்றிச் சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. தம் கையால் தொடங்கியதைத் தம் கண்முன்னே மூடக் காண்பதினும் ஒரு தொண்டனுக்குத் துயரம் வேறில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஆகம முறைப்படி கருங்கல்லால் அமைக்க அவர் கொண்ட எண்ணமும் கருத்து வேற்றுமையால் கைகூடாது போயிற்று. அவ்வழக்குகளை விரித்துரைக்க இம்மலர் இடமன்று. அவர் எவர்க்கும் அஞ்சாது எழுதினார் என்பதும், அவ்வெழுத்தின் கடுமையால் நண்பரும் சிலர் விலகினர் என்பதும் உண்மை. பிறப்பு வேற்றுமை பற்றி அவர் கொண்டிருந்த கருத்து இன்று நாம் கைக்கொள்ளத் தக்கதன்று என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். பெரியோரது குறையைக் கண்டு சொல்லுவதால் அவரது தொண்டு சிறுத்துவிடாது.

இத்தனை தளர்ச்சிக்கு நடுவே 1877 இல் யாழ்ப்பாணத்திற் கடும் பஞ்சம் வந்தது. பாடசாலைக்கே பொருள் போதாத அந்நாளில், நாவலர் வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். சமய நூலச்சிட்ட கை கஞ்சி ஊற்றவும் நீண்டது. இரந்து பழகியவர் என்பதனால், பசித்தவர்பொருட்டு மீண்டும் இரப்பது அவருக்கு அரிதாய்த் தோன்றவில்லை போலும்.

திருக்கேதீச்சரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னாரை அடுத்த மாதோட்டத்தில், பாலாவிக் கரையில், திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் அது. போர்த்துக்கீசர் காலத்தில் இடிபட்டு, கோயில் இருந்த இடமே காடு மூடிக் கிடந்தது. 1872 இல் வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் விக்கியாபனத்தில் நாவலர் அதன் நிலையை எடுத்துக்காட்டி, அதனைப் புதுப்பிக்குமாறு சைவ மக்களை வேண்டினார். அவர் வாழ்நாளில் அங்கே ஒரு செங்கல்லும் எழவில்லை.

1879 டிசம்பர் 5 ஆம் நாள் அவர் சிவபதம் அடைந்தார். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. அவருக்கு ஐம்பத்தேழு வயதுகூட நிரம்பவில்லை. அன்று யாரேனும் கணக்கெடுத்திருந்தால், மூடிய ஆங்கிலப் பாடசாலை ஒன்றும், எழாத கற்கோயில் ஒன்றும், காடு மூடிய தலம் ஒன்றும் அவர் கணக்கில் நின்றிருக்கும்.

1888 இல் யாழ்ப்பாணத்தில் சைவ பரிபாலன சபை தோன்றியது. 1890 இல் அச்சபையின் ஆதரவில் இந்து உயர்தரப் பாடசாலை அமைந்து, பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. பொருளின்றி மூடிய பாடசாலையின் நோக்கம் அதன்கண் உயிர்பெற்றது. அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1893 இல், திருக்கேதீச்சர நிலம் ஏலத்துக்கு வந்தபோது சைவ மக்கள் அதனை வாங்கினர். காட்டை வெட்டித் தேடியபோது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1903 இல் அங்கே கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. பின்னரும் திருப்பணி தொடர்ந்து, 1976 இல் மீண்டும் பெருஞ்சாந்தி நடந்தேறியது. அவ்விழாக்களைக் கண்டு களித்தவர்களிற் பலர், 1872 இல் விக்கியாபனம் எழுதிய கையை நினைத்திருப்பரோ, அறியேன்.

அவர் எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு நின்றார் என்று அவ்விரவில் நெடுநேரம் எண்ணினேன். தலைவன் என்று தம்மைக் கருதியவர்க்கு, பிறர் கேளாதபோது சினமும் சோர்வும் வரும். நாவலரோ தம்மைச் சிவபெருமானது பணியாளராகவே கருதினார். பணியாளனுக்கு ஏவல் உண்டு. விளைச்சலின் கணக்கு உடையவனுடையது. சினம் அவருக்கு வந்ததுண்டு. அவரது கண்டன நூல்களே அதற்குச் சான்று. ஆயினும் சினந்த மறுநாளும் பிழை திருத்தும் தாளோடு அமர்ந்திருப்பார். பூசலார் சரிதத்தை அவர் எழுதிய காலத்தில் பாடசாலைக்கு வயது நான்கு, கொடுப்பார் சிலரே. பொருள் கிடையாது வருந்திய நாயனாரைப் பற்றி எழுதும்போது எழுதுகோல் சற்றே நின்றிருக்குமோ என்று எண்ணிப் பார்க்கிறேன். அவ்வசனத்தில் அத்தகைய தடம் ஒன்றும் இல்லை. தம்மைப் பற்றி ஒரு சொல்லும் சேர்க்காமல், சேக்கிழார் சொன்னதை எளிய தமிழிற் சொல்லி மேலே சென்றுவிடுகிறார்.

மறுநாட் காலை நீராடித் திருநீறு அணிந்து, ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, குழுவிலிருந்த ஓர் இளைஞரையும் உடனழைத்துப் பன்னிரண்டாம் வீட்டிற்கே முதலிற் சென்றேன். அவர் அன்றும் பணம் ஒன்றும் கொடுத்திலர். உள்ளே அழைத்து அமரச்செய்து, இருவர்க்கும் மோர் கொடுத்தார். அருந்திவிட்டு அடுத்த தெருவிற்குச் சென்றோம்.